ஒரு பக்கம் வாசித்தால் போதும்: சைக்கிள் குழு ஒன்றின் புத்தக மாலை பற்றிய நிகழ்வு ஆய்வு

சைக்கிள் ஓட்டும் குழு ஒன்று தன் உறுப்பினர்களுக்காகப் புத்தக மாலை ஒன்றை, அதாவது மாலை நேரத்தில் கூடிப் புத்தகம் வாசிக்கும் சந்திப்பு ஒன்றை, தொடங்கியது. அது எப்படி ஆரம்பித்தது, எங்கே தடுமாறியது, என்னென்ன முடிவுகள் எடுக்கப்பட்டன, அவற்றால் என்ன ஆனது என்பதை இங்கே எழுதுகிறேன். குழுவில் நானும் ஓர் உறுப்பினன். கூட்டக் குறிப்பேடு என் பொறுப்பில் இருந்தது. குழுவினர் யாருடைய பெயரும் இதில் இல்லை. தனிப்பட்ட விஷயங்களைச் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்ட பிறகே சேர்த்திருக்கிறேன்.

பின்னணி

வார இறுதிகளில் விடியற்காலையில் கிளம்பும் குழு இது. பேருக்கு ஒரே குழு, சாலையில் இரண்டு. வேகமாகப் போகிறவர்கள் முதலில் கிளம்பி, முதலில் முடித்து, வீட்டுக்குப் போய்விடுவார்கள். மெதுவாக வருகிறவர்கள் திரும்பும்போது புறப்பட்ட இடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். பல வருடம் ஒரே குழுவில் இருந்தும் ஒருவரை ஒருவர் ஹெல்மெட்டின் நிறத்தால் மட்டும் அடையாளம் தெரிந்தவர்கள் உண்டு. ஓட்டும்போது பேசவும் வழியில்லை. காற்று காதை அடைக்கும். வண்டிகள் போகும் சாலையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். "குழி", "இடது பக்கம்", "நிறுத்து" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இதைவிடக் கவலை தந்தது ஓட்ட முடியாமல் போனவர்களின் நிலைமை. முழங்கால் தேய்ந்தவர், குழந்தை பெற்றவர், இரவுப் பணிக்கு மாறியவர், விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டவர் என்று ஒவ்வொரு வருடமும் சிலர் இருப்பார்கள். அவர்களை யாரும் விலக்கவில்லை. ஆனால் சைக்கிளில் ஏறினால்தான் சந்திப்பே என்று ஆகிவிட்ட குழுவில், ஏற முடியாதவர் வந்து நிற்க இடமில்லை. இரண்டு மூன்று மாதத்தில் தொடர்பு விட்டுப்போய்விடும்.

மெதுவான அணியை நடத்திவந்த பெண்மணி ஒருவர்தான் யோசனையைக் கொண்டுவந்தார். இனி அவரை ஒருங்கிணைப்பாளர் என்று குறிப்பிடுகிறேன். ஓட்டம் இல்லாத நாளில் ஒரு மாலை கூடுவது, வருகிறவர்கள் சைக்கிள் பற்றிய புத்தகம் ஒன்றைக் கையோடு கொண்டுவருவது, இவ்வளவுதான் திட்டம். "நம்ம ஆளுங்க யாரு அக்கா புத்தகம் படிக்கிறாங்க?" என்று ஒருவர் கேட்டார். "படிக்கிறவங்க யாருன்னு நமக்கு இதுவரைக்கும் தெரிய வாய்ப்பே இல்லையே தம்பி" என்றார் அவர். முயன்று பார்ப்பதென்று முடிவானது.

முதல் மாலையில் கண்டவை

மாடியில் ஒரு அறை. நாற்காலிகள் வரிசையாக. ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம். தான் கொண்டுவந்த புத்தகத்தை அறிமுகம் செய்ய வேண்டும். யாருக்கும் தோன்றக்கூடிய ஏற்பாடுதான். அது சரிப்படவில்லை. காரணங்கள் வெவ்வேறாக இருந்ததால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பேசியவர் பயிற்சி முறை பற்றிய புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். இதயத் துடிப்பின் அளவை வைத்து உழைப்பைப் பிரிக்கும் விதத்தை அத்தியாயம் அத்தியாயமாக விளக்கினார். அடுத்தவர் தாமஸ் ஸ்டீவன்ஸ் எழுதிய பழைய பயண நூலை எடுத்தார். முன்சக்கரம் ஆள் மார்பு உயரம் இருக்கும் பழைய வகை சைக்கிளில் 1884-ல் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு, கடல் வந்த இடங்களில் கப்பலேறி, 1886-ல் யோக்கோஹாமாவில் முடித்தவர் அவர். அற்புதமான விஷயம். ஆனால் பேசியவர் ஒரு நாட்டையும் விட மனமில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். பத்து நிமிடம் இருபத்தைந்தானது. இருவருமே நன்றாகப் படித்து வந்தவர்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு முழுப் புத்தகத்தைப் பத்து நிமிடத்தில் அடக்கச் சொன்னால் யாரும் சுருக்கம்தான் சொல்வார்கள். சுருக்கத்தைக் கேட்கிறவருக்கோ அதில் நுழைய வழி இருக்காது.

அதைவிட, பேசாதவர்களைக் கவனித்ததில் எனக்கு அதிகம் தெரிந்தது. மூன்று நான்கு பேர் பையில் புத்தகத்தோடு வந்து, வெளியே எடுக்காமலே போனார்கள். அதில் ஒருவர் பிறகு சொன்னார்: "எல்லாரும் முழுசா படிச்சுட்டு வந்திருந்தாங்க. நான் பாதிதான் படிச்சிருந்தேன். அதான் எடுக்கல." இன்னொருவரிடம் இருந்தது பழுதுபார்க்கும் கையேடு. மற்றவர்கள் கொண்டுவந்ததைப் பார்த்ததும், இதையெல்லாம் புத்தகமாகக் கணக்கில் எடுப்பார்களா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அப்புறம், சைக்கிள்கள். கீழே, கண்ணில் படாத இடத்தில் நிறுத்தப்பட்டிருந்தன. ஆளுக்கொரு முறையாவது எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். வெளியாளுக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். சைக்கிளில் வருகிறவருக்கு, வண்டி கண் முன்னால் இல்லையென்றால் பாதி மனசு அங்கேதான் இருக்கும்.

ஆனால் அன்று ஒன்று நன்றாக நடந்தது. கூட்டம் முடிந்த பிறகு, வாசலில். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே ஒருவர் தன் புத்தகத்தைப் பிரித்து, "இதை மட்டும் கேளுங்க" என்று ஒரு பத்தியை வாசித்தார். டிம் க்ராபே என்ற டச்சுக்காரர் 1978-ல் எழுதிய 'த ரைடர்' நாவல் அது. ஒரே ஒரு பந்தயத்தைக் கிலோமீட்டர் கிலோமீட்டராகச் சொல்லும் கதை. பிரெஞ்சுப் பந்தய வீரர் ஜாக் அங்கெத்தில் ஒவ்வொரு மலை ஏற்றத்துக்கு முன்னாலும் தண்ணீர் பாட்டிலைச் சைக்கிளிலிருந்து உருவித் தன் சட்டையின் பின்பையில் வைத்துக்கொள்வாராம், சைக்கிள் எடை குறையட்டும் என்று. அவ்வளவுதான் பத்தி. உடனே எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். "எடை எங்க போகும், முதுகுலதானே இருக்கு?" என்றார் ஒருவர். "எனக்குப் புரியுது, ஏத்தத்துல அந்த மாதிரி எதையாவது நம்பித்தான் ஆகணும்" என்றார் மெதுவான அணியில் கடைசியாக வருகிறவர். வேகமான அணிக்காரர் ஒருவர் அவரைத் திரும்பிப் பார்த்து, "நீங்க என்ன பண்ணுவீங்க ஏத்தத்துல?" என்று கேட்டார். இந்த இருவரும் அதற்கு முன் பேசி நான் பார்த்ததில்லை. மாடியில் நடக்காத ஒன்று வாசலில் நடந்துகொண்டிருந்தது.

மாற்றிய விதிகளும் காரணங்களும்

ஒருங்கிணைப்பாளர் அந்த வாசல் பேச்சையே மாலையின் அமைப்பாக மாற்ற முடிவு செய்தார். முதல் விதி: யாரும் புத்தகத்தை அறிமுகம் செய்ய வேண்டாம், ஒரு பக்கத்தை உரக்க வாசித்தால் போதும். ஐந்து நிமிடத்துக்குள். வாசித்த பிறகு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: ஏன் இந்தப் பக்கம்?

இந்த விதியின் பலன் நாங்கள் நினைத்ததைவிடப் பெரிது. புத்தகத்தை முழுதாகப் படித்திருக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. பாதி படித்தவரும், இரவல் வாங்கி அன்றைக்குப் புரட்டியவரும், பல வருடம் முன்பு படித்து ஒரு பக்கம் மட்டும் நினைவில் உள்ளவரும் ஒரே வரிசைக்கு வந்தார்கள். கேட்கிறவர்களுக்கும் எழுதியவரின் சொற்களே நேரடியாகக் கிடைத்தன. ஏன் இந்தப் பக்கம் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் சாலையிலிருந்துதான் பதில் வந்தது. யாரோ எழுதிய எதிர்க்காற்றைப் பற்றி வாசித்தவர், தான் எதிர்க்காற்றில் சிக்கிய நாளைச் சொல்வார். அதைக் கேட்டு அடுத்தவர் தன் கதையைச் சொல்வார்.

இரண்டாவது விதி மொழி பற்றியது. சைக்கிள் பற்றிய புத்தகங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலத்தைச் சரளமாக வாசிக்காதவர்கள் முதல் மாலையில் வாயே திறக்கவில்லை. எனவே மூலத்தில் இரண்டு மூன்று வரி வாசித்துவிட்டு, மீதியைத் தமிழில் சொல்லலாம் என்று ஏற்பாடு. இதற்கு எதிர்ப்பும் இருந்தது. எழுத்தின் அழகு போய்விடும் என்றார் ஒருவர். அது உண்மைதான். ஆனால் அறையில் பாதிப்பேர் வெளியே நிற்பதைவிட இது மேல் என்று ஒருங்கிணைப்பாளர் உறுதியாக இருந்தார். நானும் அவர் பக்கம்தான்.

மற்றவை சிறிய மாற்றங்கள். தரைத்தள அறை, சைக்கிள்கள் கண்ணில் படும்படி உள்ளேயே சுவரோரம். நாற்காலிகள் வட்டமாக. மறுநாள் காலை ஓட்டம் இல்லாத நாளாகப் பார்த்து மாலை. இருட்டில் திரும்பிப் போகிறவர்கள் இருப்பதால், விளக்கு இல்லாமல் வந்தவரோடு விளக்கு உள்ளவர் சேர்ந்து போக வேண்டும். இந்தக் கடைசி விதியால் யார் வீடு எந்தப் பக்கம் என்பது பலருக்கு முதன்முறையாகத் தெரிந்தது.

சக்கரம் வந்த மாலை

பழுதுபார்க்கும் கையேட்டைப் பையிலேயே வைத்திருந்தவர், சக்கரத்தில் கோட்டம் எடுப்பதில் குழுவிலேயே கைதேர்ந்தவர். ஒருங்கிணைப்பாளர் அவரைத் தனியாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டார். அடுத்த மாலைக்கு அவர் அந்தக் கையேட்டுக்குப் பதில் இரவல் வாங்கிய வேறொரு நூலோடு வந்தார்: பொறியாளர் ஜோப்ஸ்ட் பிராண்ட் 1981-ல் வெளியிட்ட 'த பைசிகிள் வீல்'. கூடவே சைக்கிளின் முன்பக்கத்தை எங்கள் பக்கம் திருப்பி நிறுத்தினார்.

அவர் வாசித்த பக்கம், ஓட்டுகிறவரின் எடையைச் சக்கரம் எப்படித் தாங்குகிறது என்பது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பிலிருந்து மேலே போகும் கம்பிகளில்தான் எடை தொங்குகிறது என்று பெரும்பாலோர் நினைக்கிறோம். பிராண்ட் கணக்கிட்டுக் காட்டியது வேறு: கம்பிகள் எல்லாம் முன்கூட்டியே இறுக்கமாக இழுக்கப்பட்டிருக்கின்றன, எடை ஏறும்போது தரையைத் தொடும் இடத்துக்கு மேலே உள்ள சில கம்பிகளின் இறுக்கம் மட்டும் குறைகிறது, மற்றவற்றில் பெரிய மாறுதல் இல்லை. வாசித்து முடித்ததும் அவர் ஒருவரைச் சைக்கிளில் ஏறி உட்காரச் சொன்னார். இன்னொருவர் பிடித்துக்கொண்டார். கீழே இருந்த கம்பியை விரலால் சுண்டினார். இறங்கச் சொல்லிவிட்டு மறுபடி சுண்டினார். ஆள் ஏறியிருந்தபோது ஓசை தாழ்ந்தும், இறங்கியபின் உயர்ந்தும் கேட்டது. சக்கரத்தின் பக்கவாட்டுக் கம்பிகளையும் மேல் கம்பிகளையும் சுண்டிக் காட்டினார். அவற்றில் வேறுபாடு காதுக்குப் பிடிபடவில்லை.

வட்டத்தில் இருந்த எல்லோரும் தங்கள் சைக்கிள் பக்கத்தில் குந்திவிட்டார்கள். சுவரோரம் முழுக்கக் கம்பி சுண்டும் சத்தம். சரியாக இறுக்கப்படாத கம்பி ஏன் நாளடைவில் முறிகிறது என்று யாரோ கேட்க, ஒவ்வொரு சுற்றிலும் இறுக்கம் குறைந்து கூடுவதையும், தளர்ந்த கம்பியில் அந்த ஆட்டம் வளைவுப் பகுதியைக் களைப்படையச் செய்வதையும் அவர் பொறுமையாக விளக்கினார். அவ்வளவு நேரம் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. தொழில்நுட்ப நூல்களைப் புத்தக மாலையில் சேர்க்கலாமா என்ற சந்தேகம் அன்றோடு தீர்ந்தது.

பிறர் கதை, தன் கதை

அடுத்து வந்த மாலைகள் சீராகப் போயின. பலர் தங்கள் நிலைமையையே புத்தகத்தில் தேடி எடுத்து வந்தார்கள் என்பதைக் குறிப்பிட வேண்டும். வயதான தாயைக் கவனித்துக்கொள்வதால் நீண்ட ஓட்டங்களுக்கு வர முடியாத ஒருவர், டெர்வ்லா மர்ஃபியின் 'ஃபுல் டில்ட்' நூலிலிருந்து வாசித்தார். பத்தாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த சைக்கிளையும் வரைபட நூலையும் வைத்து, ஒருநாள் இந்தியாவுக்குச் சைக்கிளில் போவேன் என்று முடிவுசெய்த அயர்லாந்துப் பெண் அவர். நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்வதில் வருடங்கள் கழிந்தன. 1963 ஜனவரியில், முப்பத்தொரு வயதில், ஐரோப்பாவின் கடும் பனிக்காலத்தில் புறப்பட்டார். வாசித்தவர் ஏன் இந்தப் பக்கம் என்ற கேள்விக்கு, "அவங்க காத்திருந்ததும் பயணத்துலதான் சேர்த்தின்னு எனக்குத் தோணுது" என்று மட்டும் சொன்னார். யாரும் மேலே கேட்கவில்லை.

ஐம்பது வயதுக்கு மேல் சைக்கிள் கற்றுக்கொண்டிருந்த புதிய உறுப்பினர், ஃபிரான்சஸ் வில்லர்ட் ஐம்பத்து மூன்று வயதில் தான் கற்றுக்கொண்ட கதையை எழுதி 1895-ல் வெளியிட்ட சிறு நூலைக் கண்டுபிடித்து வந்தார். இன்னொருவர் பி. சாய்நாத்தின் 1996 நூலிலிருந்து, புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தை ஒட்டி 1990-களின் தொடக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டதைப் பற்றிய கட்டுரையைத் தமிழில் சொன்னார். பெண்களுக்கான சைக்கிள் போதாதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டியதும், முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் சிலர் அதையே விரும்பியதும் அதில் வருகிறது. எடை, கியர் என்று எந்நேரமும் பேசும் எங்கள் குழுவில் அந்த முன்கம்பியைப் பற்றி வெகுநேரம் பேச்சு நடந்தது.

சச்சரவு

பிறகு ஒரு மாலை, ஐம்பதுகளில் இருந்த உறுப்பினர் ஒருவர் அமெரிக்கப் பந்தய வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் தன்வரலாற்றைக் கொண்டுவந்தார். 2000-ல் வெளிவந்தது. 1996-ல் புற்றுநோய் கண்டறியப்பட்டது, நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியது, சிகிச்சை, பிறகு 1999-ல் டூர் தெ ஃபிரான்ஸ் என்ற பெரிய சைக்கிள் பந்தயத்தில் வெற்றி என்று போகும் நூல். இவர் தேர்ந்தெடுத்திருந்தது மருத்துவர் நோயின் பெயரைச் சொல்லும் பகுதி.

அவர் இரண்டு வரி வாசிப்பதற்குள், முன்பு பந்தயங்களில் ஓட்டிவந்த இளைஞர் ஒருவர் குறுக்கிட்டார். "சார், அது பொய்ப் புத்தகம். அதை இங்க வாசிக்கக் கூடாது." வாசித்தவர் நிறுத்தினார். "எனக்கு கீமோ கொடுத்துட்டு இருந்தப்ப இந்தப் புத்தகம்தான் தலைமாட்டுல இருந்துச்சு. எந்திரிச்சு சைக்கிள் வாங்கினதே இதனாலதான். அதுவும் பொய்யா?" என்றார். குரல் உயர்ந்தது. மற்றவர்கள் பக்கம் சேர ஆரம்பித்தார்கள். ஒருவர் "படிக்கட்டும், விடுப்பா" என்றார். இன்னொருவர் "ஏமாத்துக்காரன் புத்தகத்துக்கு இங்க என்ன வேலை" என்றார்.

இளைஞர் சொன்னதில் உண்மை இருந்தது. அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் விசாரணைக்குப் பின், 2012-ல் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் பறிக்கப்பட்டன. 2013 ஜனவரியில், ஊக்கமருந்து எடுத்ததை அவரே தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். அந்தப் புத்தகத்தை உண்மை என்று நம்பி வாங்கியதற்காகக் கலிஃபோர்னியாவில் வாசகர்கள் சிலர் வழக்கே தொடுத்தார்கள். கருத்துரிமையைக் காட்டி நீதிமன்றம் அதை அந்த ஆண்டே தள்ளுபடி செய்தது. வாசித்தவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. நோய் பொய்யில்லை. அந்தப் பக்கம் ஒரு நோயாளியை எழுந்து உட்கார வைத்ததும் பொய்யில்லை.

ஒருங்கிணைப்பாளர் அந்த நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லவில்லை. "ரெண்டு பேர் சொல்றதையும் நாம சரியா கேக்கணும். இப்ப கேக்க முடியாது. அடுத்த முறைக்கு வச்சுக்குவோம்" என்று சொல்லி, அடுத்தவரை வாசிக்கச் சொன்னார். அடுத்தவர் வாசித்தது யார் காதிலும் விழுந்திருக்காது. மாலை சீக்கிரமே முடிந்தது.

எடுத்த முடிவும் அதன் பின்னணியும்

இடைப்பட்ட நாட்களில் ஒருங்கிணைப்பாளர் இருவரையும் தனித்தனியாகச் சந்தித்தார். இளைஞரின் கோபத்துக்கு நாங்கள் அறியாத ஒரு காரணம் இருந்தது. அவர் பந்தயம் ஓட்டிய காலத்தில் கூட ஓட்டிய சிலர் மருந்து எடுத்ததைப் பார்த்திருக்கிறார். அவருக்கும் நீட்டப்பட்டது. மறுத்தார். பிறகு அவர்களோடு ஈடுகொடுக்க முடியாமல் போட்டியையே விட்டுவிட்டார். "அவங்க எல்லாரும் இந்தப் புத்தகத்தை மேற்கோள் காட்டுவாங்க அக்கா" என்று சொல்லியிருக்கிறார்.

குழுவின் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, அந்தப் புத்தகத்தை விலக்குவது. அப்படிச் செய்தால் எந்தப் புத்தகம் வரலாம் என்று தீர்மானிக்க ஒரு ஆள் தேவைப்படும். அந்த வேலை தனக்கு வேண்டாம் என்றார் ஒருங்கிணைப்பாளர். மேலும், அந்த உறுப்பினரின் நோய்க்காலத்தையே விலக்கியதாக ஆகும். இரண்டாவது, எந்தப் புத்தகமும் வரலாம், யாரும் எதிர்த்துப் பேசக் கூடாது என்பது. அது இளைஞருக்குச் செய்யும் அநியாயம். மருந்தை மறுத்ததற்காகப் போட்டியை இழந்தவரை, மருந்து எடுத்தவரின் கதையை வாய்மூடிக் கேட்கச் சொல்ல முடியாது.

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம்: இரண்டு புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பது. இளைஞருக்கு பால் கிம்மேஜின் 'ரஃப் ரைட்' கிடைத்தது. தொழில்முறை வீரராக டூரில் ஓட்டிய அயர்லாந்துக்காரர், அணிகளுக்குள் நடந்த மருந்துப் பழக்கத்தைத் தன்னையும் விட்டுவைக்காமல் எழுதி 1990-ல் வெளியிட்ட நூல். ஆர்ம்ஸ்ட்ராங்கின் முதல் டூர் வெற்றிக்கு ஒன்பது ஆண்டு முன்பே வந்துவிட்டது. அதை எழுதியதற்காகப் பழைய சகாக்கள் பலர் கிம்மேஜிடம் முகம் திருப்பிக்கொண்டார்கள். விஷயம் தெரியாமல் யாரும் ஏமாறவில்லை, சொன்னவரைக் கேட்காமல் விட்டதுதான் நடந்தது என்பது இளைஞரின் வாதம். அந்த வாதத்துக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும் என்று நாங்கள் நினைத்தோம்.

கூடவே ஒரு புதிய விதி: புத்தகத்தைக் கேள்வி கேட்கலாம், எவ்வளவு கடுமையாகவும் கேட்கலாம், ஆனால் வாசித்து முடித்த பிறகு. கொண்டுவந்தவரைக் கேள்வி கேட்கக் கூடாது. கேட்க விரும்பாதவர் எழுந்து வெளியே போகலாம். அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

என்ன நடந்தது

அடுத்த மாலையில் முதலாமவர் தன் பக்கத்தை முழுதாக வாசித்தார். இளைஞர் அறையில் இருந்து கேட்டார். பிறகு இளைஞர் கிம்மேஜிலிருந்து வாசித்தார். இடையில் ஒருமுறை நிறுத்தி, தன் கதையையும் சுருக்கமாகச் சொன்னார். யாரும் குறுக்கிடவில்லை. ஒருங்கிணைப்பாளர் இருவரிடமும் அதே வழக்கமான கேள்வியைத்தான் கேட்டார். பேச்சு நீண்டது. தனக்கு உதவிய ஒன்று பொய்யின் மேல் கட்டப்பட்டது என்று தெரிந்த பிறகு அந்த உதவியை என்ன செய்வது என்பதில் யாரும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போக வேண்டும் என்று யாரும் வற்புறுத்தவும் இல்லை.

எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று எழுதினால் அது சரியாக இருக்காது. முதலாமவர் அதன் பிறகு சில மாதங்கள் வரவில்லை. யாரோடும் கோபமில்லை, அந்தப் புத்தகத்தை இனி எடுக்க மனம் வரவில்லை என்று சொன்னார். பிறகு ஒரு மாலை, கையில் புத்தகம் இல்லாமல் வந்தார். போகும்போது இளைஞரிடம் கிம்மேஜ் நூலை இரவல் கேட்டு வாங்கிப் போனார். இருவரும் நண்பர்களாகிவிடவில்லை. சாலையில் பார்த்தால் தலையசைத்துக்கொள்கிறார்கள்.

அந்த விதி பின்னர் வேறொரு சமயத்தில் மிகவும் உதவியது. ஒருவர் சாலை விபத்து பற்றிய பகுதியை வாசிக்கத் தொடங்க, உடன் ஓட்டிய நண்பரை விபத்தில் இழந்த உறுப்பினர் எழுந்து வெளியே போனார். யாரும் காரணம் கேட்கவில்லை. அதிலிருந்து, மரணமோ விபத்தோ வரும் பக்கம் என்றால் முன்கூட்டியே ஒரு வரியில் சொல்லிவிடுவது வழக்கமானது.

குழுவின் ஓட்டங்களிலும் மாற்றம் தெரிந்தது. வேகமான அணியில் சிலர் இப்போது முடிக்கும் இடத்தில் காத்திருக்கிறார்கள்; எல்லோரும் இல்லை, ஆனால் முன்பு ஒருவர்கூட இல்லை. முழங்கால் தேய்ந்து ஓட்டத்தை விட்டவர் புத்தக மாலைக்குத் தவறாமல் வருகிறார். அவர் மறுபடி ஓட்டப் போவதில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். புத்தக மாலைக்கு மட்டும் வருகிறவரும் முழு உறுப்பினர்தான், வாக்களிக்கும் உரிமை உட்பட என்று குழு தன் விதிகளில் எழுதிக்கொண்டது. என் பார்வையில் இந்த முயற்சியின் மிக உறுதியான பலன் அதுதான்.

இரவல்

சீக்கிரமே இரவல் பிரச்சினை வந்தது. கிடைப்பதற்கு அரிதான ஒரு நூல், சைக்கிள் பையில் மழையில் நனைந்து திரும்பியது. உரியவர் ஒன்றும் சொல்லவில்லை; ஆனால் அடுத்த மாலைக்குப் புத்தகம் எதுவும் கொண்டுவரவில்லை. அதன் பிறகு ஒரு நோட்டில் எழுதிவைத்து, அடுத்த மாலை வரை மட்டுமே இரவல். மீண்டும் வாங்கக் கிடைக்காத நூல் அறையை விட்டு வெளியே போகாது. எடுத்துப்போகும் எந்தப் புத்தகமும் நீர்புகாத உறையில்தான். உறைகளை ஒருங்கிணைப்பாளர் ஒரு கட்டு வைத்திருக்கிறார்.

இனி மாற்ற இருப்பவை

மாலையைத் தொடர்ந்து நடத்தும் பொறுப்பு இதுவரை ஒருவர் தோளிலேயே இருந்தது. சச்சரவு நடந்த அன்று அவர் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று குழு யோசித்தது. இனி மாலையை நடத்துபவர் சுழற்சி முறையில் மாறுவார். ஆனால் சர்ச்சைக்குரிய நூல் வரப்போகிறது என்று தெரிந்தால், இருவர் சேர்ந்து நடத்துவார்கள்.

கொண்டுவரும் பக்கத்தை முன்கூட்டியே சொல்லச் சொல்லலாமா என்ற யோசனையும் வந்தது. சச்சரவைத் தவிர்க்க உதவும். ஆனால் கடைசி நேரத்தில் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவிக்கொண்டு வருகிறவர்கள் பின்வாங்கிவிடுவார்கள். முதல் மாலையில் பையைத் திறக்காமல் போனவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். அதனால் அதை விட்டுவிட்டோம்.

தமிழில் சைக்கிள் பற்றி வாசிக்க இன்னும் வேண்டும் என்ற கோரிக்கை திரும்பத் திரும்ப வந்தது. அச்சில் வந்ததைத் தேடுவது ஒரு பக்கம் நடக்கிறது. அதோடு, உறுப்பினர்கள் தாங்களே எழுதிய ஓட்டக் குறிப்புகளையும் ஒரு பக்கமாகக் கருதி வாசிக்கலாம் என்று சேர்த்திருக்கிறோம். முதலில் பெயர் கொடுத்திருப்பவர் சக்கரத்தில் கோட்டம் எடுப்பவர். தான் பழுது பார்த்த சைக்கிள்களைப் பற்றி நோட்டு ஒன்றில் எழுதிவருவதாகச் சொல்கிறார். அடுத்த மாலைக்கு அதிலிருந்து ஒரு பக்கம்.